நாலாம் நம்பரின் வலது முட்டி

என் பெயர் எத்திராஜுலு. இந்தப் பெயரைச் சொல்லிப் புளியந்தோப்பில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. 'சேம்சைடு வீடு எது?' என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

காரணம், இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். மாவட்ட லீக் இறுதி ஆட்டம், எண்பத்தெட்டாவது நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. கார்னரிலிருந்து வந்த பந்தை எகிறித் தலையால் முட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு பந்தை முட்டியதில்லை. கோல்கீப்பரால் அசையக்கூட முடியவில்லை. ஒரே சிக்கல், அவன் எங்கள் கோல்கீப்பர். மறுநாள் பேப்பரில் என் போட்டோ வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்த பிறகுதான் கீழே போட்டிருந்ததைப் படித்தாள்.

அப்படிப்பட்ட ஒருத்தன் கையில் ஒரு ஸ்டேடியத்தின் தரையையே ஒப்படைத்தார்கள் என்றால், உலகம் எவ்வளவு நல்ல மனசோடு இருந்திருக்கிறது பாருங்கள்.

வெயில் சட்டம் வந்த பிறகு கட்டிய ஸ்டேடியம் அது. காலை ஏழு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் திறந்த வெளியில் ஓடக்கூடாது என்று சட்டம் சொன்னதும், வடசென்னையில் பாதிப் பேர் பந்தைப் பரணில் போட்டுவிட்டார்கள். அப்புறம்தான் ஒரு கம்பெனி வந்து கூரை போட்டு, ஏசி போட்டு, உள்ளேயே முழு மைதானம் கட்டியது. சாயங்காலம் 'வடசென்னை வேங்கைகள்' என்ற தொழில்முறை அணிக்கு. காலை ஆறிலிருந்து பத்து வரை அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு, இலவசமாக. வேங்கைகள் கண்ணாடிக் கதவு வழியாக வருவார்கள். பிள்ளைகள் ஜெனரேட்டர் ரூம் பக்கத்துப் பின்கேட் வழியாக வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஏசிக் காற்று வரும் ஓட்டைக்குக் கீழே வரிசையாகப் படுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகமாட்டோம் அங்கிள்" என்பார்கள். நான் விரட்டுவது மாதிரி நடிப்பேன்.

என் வேலை தரையைப் பார்த்துக்கொள்வது. பார்த்துக்கொள்வது என்றால் பெருக்குவது இல்லை, அதற்கு மெஷின் இருக்கிறது. அந்தச் செயற்கைப் புல்லுக்கு அடியில் லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் குமிழ்கள். ஒவ்வொன்றும் கண் இமைப்பதற்குள் இறுகும், இளகும். ஒருத்தன் காலை ஊன்றித் திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளப் போகிறது என்று தரைக்குத் தெரிந்தால், அந்தப் பாதத்துக்குக் கீழே மட்டும் துளி இளகிக் கொடுக்கும். முட்டி தப்பிக்கும். இதற்குப் 'பதத் தரை' என்று பெயர். வேங்கைகள் விளையாடும்போது பதத் தரை. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கெட்டித் தரை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து சாயங்காலம் ஒரு பொத்தானை அமுக்குவேன், காலையில் அதை எடுத்துவிடுவேன். இதற்குச் சம்பளம், அடையாள அட்டை, 'தரைப் பொறுப்பாளர்' என்று பெயர்ப் பலகை வேறு. என் மனைவி புஷ்பலதா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "தரையிலயே இருக்கட்டும்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள்.

பிள்ளைகளுக்கு ஏன் பதத் தரை இல்லை என்று நான் கேட்டதே இல்லை. கரண்ட் செலவு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை, நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை வேங்கைகளின் ஆட்டம். நம்ம ஏரியாப் பையன் இம்மானுவேல் பந்தோடு ஓடிவந்து சட்டென்று வலது பக்கம் திரும்பினான். கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. ஸ்டேடியமே "அய்யோ" என்றது. ஆனால் அவன் லேசாகத் தடுமாறி, நிமிர்ந்து, சிரித்துவிட்டு ஓடினான்.

எனக்குப் பக்கத்தில் கார்முகிலன் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கம்பெனி என்ஜினியர், தரைக்கு மூளை வைத்தவர்களில் ஒருத்தன். மரியாதை தெரிந்தவன். கையிலிருந்த போண்டாவை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அந்தத் திருப்பம் தரைக்குப் போன மாசம்தானுங்ணா தெரிஞ்சுது. ஒரு ஒம்பதாங்கிளாஸ் புள்ளைக்கு முட்டி போச்சே, ஞாபகம் இருக்குங்களா? அந்தப் புள்ள கத்துக்குடுத்தது."

"எந்தப் புள்ள? என்னத்த கத்துக்குடுத்துச்சு?"

"முட்டி எப்படி ஒடையுதுன்னு தெரிஞ்சாத்தானுங்ணா ஒடையாம புடிக்க முடியும்? அதுக்கு நாலு முட்டி ஒடையறதைத் தரை பாக்கணும். வண்டி ஓட்டக் கத்துக்கறவன் எங்கியாவது முட்டித்தானே ஆகோணும்?"

"அதுக்கு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "புது வண்டியில யாரும் பழக மாட்டாங்கல்லங்ணா."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. டியூப்லைட் என்று என்னைச் சும்மாவா சொல்கிறார்கள்? கெட்டித் தரை என்பது கரண்ட் மிச்சம் பிடிக்க இல்லை. கெட்டியாக இருக்கும்போதும் தரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் ஓட, விழ, முட்டி போக, தரை படித்துக்கொள்கிறது. அந்தப் படிப்பு சாயங்காலம் வேங்கைகளின் முட்டியைக் காப்பாற்றுகிறது. அதற்குத்தான் இலவசம்.

அந்த வருஷத்தில் அஞ்சு பிள்ளைகளுக்கு முட்டி போயிருந்தது. அஞ்சு பேர் வீட்டுக்கும் நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். "நல்ல ஷூ வாங்கிக் குடுங்கம்மா" என்று அம்மாக்களுக்கு அட்வைஸ் வேறு. அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் சம்மதப் படிவத்தை வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினவனே நான்தான். பதினோராவது வரியில் 'பாதப் பதிவுகள் ஆய்வுக்குப் பயன்படுத்தப்படும்' என்று இருந்ததாம். படிக்காமல் வாங்கினேன். படித்திருந்தாலும் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சின்ன ஆறுதல்.

"அப்ப அடுத்து யாருக்குன்னு தரைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கார்முகிலன் தயங்கித் தயங்கித் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தான். ஆடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு. பச்சை என்றால் நல்லது, ஆரஞ்சு என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் இன்றைக்கோ நாளைக்கோ. கால்வாய்க்கரைப் பெண்கள் பள்ளியின் நாலாம் நம்பர், வலது முட்டி, ஆரஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

"இதைச் சொல்லக்கூடாதுங்ணா. தலையிட்டா பாடம் கெட்டுப்போயிரும்னு ரூல். சொன்னா உங்க வேலையும் போயிரும், புள்ளைங்களுக்கு ஸ்டேடியமும் போயிரும்."

நாலாம் நம்பர் என்றால் ரோஷினி. ப்ளஸ் டூ. ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறவள். பந்து தாண்டினால் ஆள் தாண்டாது, ஆள் தாண்டினால் பந்து தாண்டாது. மூன்று வாரத்தில் துறைமுகம் பள்ளியோடு இறுதி ஆட்டம். அதைப் பார்க்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் அவளுக்கு அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. அவள் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், வேறு வழியில் அந்த சீட் வராது.

மூன்று வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசித்தேன். வாழ்க்கையில் பந்து வரும்போது யோசிக்காமல் முட்டினேன், யோசிக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒரு நாள் துணிந்து பின்கேட்டில் அவளை நிறுத்தினேன். "ஏம்மா, முட்டி கிட்டி வலிக்குதா?"

"யாருக்கு அங்கிள் வலிக்கல? எங்க குளோரி மிஸ்ஸுக்கே வலிக்குது." குளோரி மிஸ் அவர்களுடைய பி.டி. டீச்சர்.

"அதில்லம்மா... ஃபைனல்ல ஆடாம கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா..."

அவள் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா அங்கிள், துறைமுகம் ஸ்கூல்காரங்க பிரியாணி வாங்கிக் குடுத்தாங்களா? எங்கப்பா அப்பவே சொன்னாரு, அந்தாளு எந்த சைடுன்னு அந்தாளுக்கே தெரியாதுன்னு."

பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் கெக்கேபிக்கே என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு என் வீரம் முடிந்தது.

வீட்டில் புஷ்பலதாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "வேலை போனா போவுது. அந்தப் பொண்ணாண்ட நேரா சொல்லிடு."

"ஸ்டேடியமும் போயிடும்டி. நூத்துக்கணக்கான புள்ளைங்க."

"உனக்கு வேலை போயிடும்னு பயமா, ஸ்டேடியம் போயிடும்னு பயமா?"

"ரெண்டும்தான்."

"முதல்ல எது?"

இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கக்கூடாது என்று கல்யாணத்தின்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்ததும் நான் சுதாரித்திருக்க வேண்டும், ஆனால் பெருமைதான் வந்தது. முழு மைதானத்துக்கும் பதத் தரை போட்டால் தலைமை ஆபீஸில் மணி அடிக்கும். ஆனால் பாதி மைதானத்துக்குப் போட்டால் அடிக்காது, ஏனென்றால் வேங்கைகளின் கோல்கீப்பர் தினமும் பாதியில்தான் பயிற்சி எடுப்பார். ரோஷினியோ ஸ்டாப்பர். தன் பாதியைத் தாண்டி எப்போதாவதுதான் போவாள். அவள் பாதிக்கு மட்டும் பதம் போட்டுவிட்டால் முட்டியும் தப்பும், ஆட்டமும் நடக்கும், சீட்டும் கிடைக்கும், என் வேலையும் இருக்கும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பிரமாதம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இறுதி ஆட்டம். கால்வாய்க்கரை ஒரு பக்கம், துறைமுகம் பள்ளி ஒரு பக்கம். பாதிக்கு முப்பத்தைந்து நிமிஷம். ரோஷினி தெற்குக் கோலைக் காத்தாள். நான் தெற்குப் பாதிக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு, அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சறுக்கினாள், திரும்பினாள், ஒருத்தியை இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்கினாள். கோடு ஏறவே இல்லை. தேர்வாளர்கள் நோட்டில் என்னவோ எழுதினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல டிஃபென்ஸ் ஆடியிருக்கிறேன் என்று தோன்றியது.

இடைவேளை விட்டார்கள். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த மைதானத்தின் கதவைத் திறந்துவிட்ட தரைப் பொறுப்பாளர் திரு. எத்திராஜுலு அவர்களுக்குச் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்துவார்!"

எனக்கு எதற்கு என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணாடி அறையை விட்டு ஓடினேன். இருபத்துநாலு வருஷமாகக் கைதட்டல் கேட்காதவன் சார் நான். சரிகைப் பொன்னாடை, ஒரு சந்தன மாலை, போட்டோ. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இருநூறு வார்த்தை பேசினேன். விளையாட்டு, ஒழுக்கம், விடாமுயற்சி, எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். என் பின்னால் விசில் ஊதி இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது. விருந்தினர் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். டீ வந்தது, முந்திரி பிஸ்கட்டும் வந்தது.

மூன்றாவது பிஸ்கட்டில்தான் நிமிர்ந்து பார்த்தேன். ரோஷினி வடக்குக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும். உலகத்தில் ஃபுட்பால் பார்த்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பதினைந்து வருஷம் ஆடின எனக்குத் தெரியும். நான் போட்ட பதத் தரை தெற்குப் பாதியில் அப்படியே இருந்தது. அங்கே இப்போது துறைமுகம் பள்ளியின் தடுப்பாட்டக்காரிகள் நின்றார்கள். எங்கள் பெண் கெட்டித் தரையில் நின்றாள். இருபத்துநாலு வருஷம் கழித்து, பந்தே இல்லாமல், மறுபடியும் சேம்சைடு போட்டிருந்தேன்.

பொன்னாடையோடு கண்ணாடி அறைக்கு ஓடினேன். அவள் கோடு நல்ல சிவப்பு. வடக்குக்கு மாற்றப் பொத்தானை அமுக்கினேன். ஆட்கள் மேலே இருக்கும்போது பக்கம் மாற்ற ஏழு நிமிஷம் ஆகும் என்று திரை சொன்னது. ஏழு நிமிஷம்! மைக்கை எடுத்தேன், அதை விழா மேடைக்கு மாற்றியிருந்தார்கள், வேலை செய்யவில்லை. அப்புறம் நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. அதனால்தான் அதில் ஓரளவுக்கு நியாயம் இருந்தது.

மைதானத்துக்குள் ஓடினேன். ஆபீஸ் ஷூ, பறக்கிற பொன்னாடை, கழுத்தில் சந்தன மாலை. "ரோஷினி! நிறுத்து! ஓடாத!" அவள் அப்போதுதான் ஒரு பந்தைப் பலமாக உதைத்து வெளியேற்றினாள். அது நேராக என் நெஞ்சில் பட்டு, திரும்பி, கீப்பரைத் தாண்டி, அவர்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது.

அப்புறம் ஸ்டேடியம் முழுக்க ஒரே குரல்: "சேம்சைடு!"

வெளியாள் மேல் பட்ட பந்து கோல் ஆகாது என்று ரெஃபரி கையை ஆட்டினார். யார் கேட்டார்கள்? ரோஷினி முகம் சிவக்க என்னை நோக்கி வந்தாள். "யோவ் அங்கிள், உனக்கு அறிவுகீதா?"

"உன் முட்டி உடையப் போவுதும்மா. தரை சொல்லுது. ஒரு அடி எடுத்து வைக்காத, அப்படியே உக்காரு."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டித் தரை, பதத் தரை, படிப்பு, அஞ்சு பிள்ளைகள். குளோரி மிஸ் ஓடிவந்து கேட்டுக்கொண்டே நின்றார். நான் முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு இது எப்பத்திலேருந்து தெரியும் சார்?"

"மூணு வாரமா மிஸ்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரோஷினியின் தோளைப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்காரவைத்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.

துறைமுகம் பள்ளியின் கோச் பாண்டுரங்கன் மாஸ்டர் பதறிக்கொண்டு வந்தார். "எங்க பொண்ணுங்களுக்கு? எங்க பொண்ணுங்க யாருக்காச்சும் இருக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர்," என்றேன். "நீங்க பயப்படாதீங்க."

ஆட்டத்தைக் கைவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. அன்றைக்கே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளின் கோடுகளையும் வெளியிடச் சொல்லிக் குளோரி மிஸ் எழுதிக் கேட்டதற்கு, அது வணிக ரகசியம் என்று பதில் வந்தது. சம்மதப் படிவத்தின் பதினோராவது வரிக்குக் கீழே கோடு போட்டு நகல் அனுப்பினார்கள். மறுநாளே பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். பாதுகாப்புக் கருதியாம். பிள்ளைகளுக்கு என் மேல் கோபம். ஏசி மைதானத்தைப் பிடுங்கிவிட்டேன் என்று என் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோல் போஸ்ட் வரைந்து, உள்ளே என்னையும் வரைந்திருந்தார்கள். மூக்கு அச்சு அசலாக இருந்தது, யாரோ நன்றாக வரைகிற பிள்ளை.

ரோஷினிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, அறுந்துபோகவில்லை, ஆறு மாதம் ஓய்வு என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். கால் தப்பித்தது, சீட் போயிற்று. தேர்வாளர்கள் பாதி ஆட்டத்துக்கு மதிப்பெண் போட மாட்டார்களாம். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவள் அப்பா சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் கட்டுப் போட்டு, மருந்து சாப்பிட்டு, அடுத்த தேர்வுக்காவது போயிருப்பாள். இதை அவர் சொல்லவில்லை. நான்தான் படிக்கட்டு இறங்கும்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். தெருவில் நின்று அழுதேன், வெட்கம் இல்லாமல்.

இறுதி ஆட்டத்தைத் திரும்ப நடத்த முடிவு செய்தார்கள். பழைய மண் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு. ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும், சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கமே போவதாக இல்லை. பால் வாங்கப் போனேன். பூத்தில் பாக்கெட்டைக் கையில் வாங்கும்போது போன் அடித்தது. கார்முகிலன்.

"அண்ணா, மன்னிக்கோணும். உங்களோட பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. மனசு கேக்கலீங்ணா. அந்த மேட்ச் ரிப்போர்ட்டை இப்பத்தான் முடிச்சேன். ரெண்டாவது பாதியில துறைமுகம் ஸ்கூலு அஞ்சாம் நம்பர் இருக்குதுல்லங்களா, நஸ்ரின்னு ஒரு புள்ள?"

"அந்தப் பக்கத்து ஸ்டாப்பர். அதுக்கென்ன?"

"அது கோடு ரோஷினி கோட்டுக்கும் மேல இருந்துதுங்ணா. முதல் பாதி முடியறப்பவே நல்ல சிவப்பு. உங்க பதத் தரை தெரியாத்தனமா அந்தப் பக்கம் இருந்துதே, அதுதான் ஆட்டம் நிக்கற வரைக்கும் அந்தப் புள்ளையைத் தாங்கிப் புடிச்சிருக்குது. திரையில இருந்துதேங்ணா. நீங்க பாக்கலீங்களா?"

இருபத்திரண்டு கோடு இருந்தது அந்தத் திரையில். நான் ஒரு கோட்டைத்தான் பார்த்தேன். நம்ம ஏரியாப் பெண், நம்ம பள்ளி, நம்ம முட்டி. மற்ற இருபத்தோரு பேரையும் நான் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அது போகட்டும். அந்த மனுஷன் பதறிக்கொண்டு வந்து கேட்டபோது, உங்களுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று இந்த வாயால் சொன்னேன்.

மணி ஐந்து ஐம்பது. ஆட்டம் ஆரம்பித்து இருபது நிமிஷம். கீழே மண், இளகிக் கொடுக்க எதுவும் கிடையாது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயசு, தொப்பை, கையில் பால் பாக்கெட். அதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டு தெருவுக்கு நாய்கள் துணைக்கு வந்தன. மைதானத்துக்குள் நுழைந்ததும் வேலியோரம் நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"டேய், சேம்சைடு வந்துட்டான்டா! பந்தைப் புடிங்கடா!"

ஒரே சிரிப்பு, ஒரே ஊளை. ரெஃபரி விசிலை ஊதிக்கொண்டே என் பின்னால் ஓடிவந்தார். கால்வாய்க்கரைப் பெஞ்சில் முட்டிக்கு உறை போட்டு ரோஷினி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஓடும்போது கத்தினாள், அந்த நாளுக்கப்புறம் அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. "அங்கிள்! எங்க போறீங்க? அது அவங்க கோலு!"

"தெரியும்மா!"

நஸ்ரின் தன் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, உயரமாக. நான் கைகள் இரண்டையும் விரித்து அவள் முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அவள் பயந்து இரண்டு அடி பின்னால் போனாள். பாண்டுரங்கன் மாஸ்டர் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். "யோவ், உனக்கு இன்னாய்யா வேணும்?"

"இந்தப் பொண்ணை ஆடவுடாதீங்க மாஸ்டர். முட்டி. அன்னைக்கே சிவப்பு."

"அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு நீதானேய்யா சொன்ன?"

"பாக்காமயே சொன்னேன் மாஸ்டர்."

காலரிலிருந்த கை தளர்ந்தது. சிரிப்புச் சத்தம் வேலியோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நஸ்ரின் கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து நாளா வலிக்குது சார். சொன்னா உக்கார வெச்சிடுவீங்கன்னு சொல்லல." சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்து, இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாஸ்டர் மண்டியிட்டு அவள் ஷூவைக் கழற்றினார்.

ஐஸ் கேட்டார்கள். மண் மைதானத்தில் ஐஸுக்கு எங்கே போவது? கையில் பால் பாக்கெட் இன்னும் சில்லென்று இருந்தது. குனிந்து அதை அவள் முட்டியில் வைத்து அமுக்கினேன்.

பின்னால் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வருவது கேட்டது. ரோஷினி. நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிற ஜாதியா அவள்? வந்து நஸ்ரினுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உறையைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு பாக்கெட் வாங்கியாங்க அங்கிள்," என்றாள். "எனக்கும் வலிக்குது."

வாங்கப் போனேன்.